முந்நூற்றுப் பதினொன்று

வகுத்தல் என் தொழில்.
பின்லாந்தின் மேற்குக் கரையில்
பன்னிரண்டாயிரம் பேர் வாழும் நகராட்சியில்
கணக்கெழுதுகிறேன். பெயர் இர்யா.

தொண்ணூற்றாறு மில்லியன் யூரோ மானியம்,
நானூறு வேலை.
வேலை ஒன்றுக்கு
இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.
மீதி வரவில்லை.
இவ்வளவு சுத்தமாய் வகுபடும் கணக்கை
அன்றே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர்
டீசல் காரில் வந்தார்.
மைனஸ் இருபத்தாறு.
பச்சை நாடா தகடுபோல் விறைத்துவிட்டது,
கத்தரிக்கோல் வழுக்கியது.
கூட்டத்திலிருந்து என் தம்பி வெய்யோ
மீன் அறுக்கும் கத்தியை நீட்டினான்.
மறுநாள் நாளிதழில்
அமைச்சர் இருந்தார், நாடா இருந்தது,
கத்தி இருந்தது,
அதை நீட்டிய கை மட்டும்
படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.

அதே வாரம் நீச்சல் குளத்தை மூடினோம்.
ஆலைக்கான தண்ணீர்க் குழாயும்
கடனுக்கான உத்தரவாதமும்
எங்கிருந்தாவது வர வேண்டுமே.
காரணம் என்ற கட்டத்தில்
'சிக்கனம்' என்று நான்தான் எழுதினேன்.

காகித ஆலை மூடியதிலிருந்து
சும்மா இருந்த வெய்யோவுக்கு
அடையாள அட்டை கிடைத்தது. எண் 311.
மின்சார வேனின் இடது கதவுக்கு
ரப்பர் விளிம்பு பொருத்துவது அவன் வேலை.
வலது கதவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

முதல் வேன் என்னைக் கடந்து போனபோது
பனி நொறுங்கும் ஓசை மட்டும் கேட்டது.
நன்றாகத்தான் இருந்தது.
அதையும் எழுதிவைக்கிறேன்.
நவம்பரிலேயே உறைந்த கடல்
இப்போதெல்லாம் ஜனவரி வரை
கறுப்பாய்க் கிடக்கிறது.
வேண்டும்தான் இந்த வண்டி.

செய்கிறவனுக்கு ஒரு மானியம்,
வாங்குகிறவனுக்கு ஒரு மானியம்,
கதவு மாட்டுகிறவனுக்கு
மாதாந்தரப் பஸ் பாஸ்.
இரண்டு மானியமும் கழித்த பிறகும் அந்த வேன்
அவனுக்கு எட்டாத விலை.

பதினைந்து மாதம்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை,
காலை ஆறு மணிக்கு
நானூறு போன்களில்
ஒரே மின்னஞ்சல்.

நான் திரும்பவும் வகுத்தேன்.
மாதத்துக்குப் பதினாறாயிரம்
வெய்யோவின் பெயரில் போயிருக்கிறது.
அவன் கையில் வந்தது
இரண்டாயிரத்து எழுநூறு.
நெய் ஊராருடையது.
பரிமாறிய கை யாருடையது என்று
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

ஏலத்தில் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தார்கள்:
காபி இயந்திரம், ரோபோ, குப்பைக் கூடை.
வெய்யோ தன்னுடைய ரப்பர் உருளையை
நான்கு யூரோவுக்கு எடுத்தான்.
எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை.

விற்காத எழுபத்திரண்டு வேன்கள்
குளிர்காலம் முழுவதும் முற்றத்தில்
வெள்ளை மேடுகளாய் நின்றன.
ஏப்ரலில் கணக்கெடுக்கப் போனேன்.
பனி உருகி எங்கும் வழிந்துகொண்டிருந்தது.
ஒன்றின் இடது கதவைத் திறந்தேன்.
உள்ளே
ஒரு சொட்டு ஈரமில்லை.

மே மாதம் வேறொரு நிறுவனம் வந்தது.
அதே கட்டடம், அதே குழாய்,
'பசுமை' என்ற அதே சொல்.
பழைய கோப்பைத் திறந்து
பெயரை மட்டும் மாற்றினேன்.
நாற்பத்தைந்து மில்லியன், நூற்றைம்பது வேலை.
மீதி வரவில்லை.

அன்றிரவு உருளைக்கிழங்கு உரித்தபடி
வெய்யோ கேட்டான்:
"இந்தத் தடவை நான் எவ்வளவு?"

"மூன்று லட்சம்."

"பரவாயில்லையே,
விலை ஏறியிருக்கிறேன்" என்றான்.
தோலைக் கூடையில் போட்டான்.
அந்த உருளை எங்கே வைத்தோம் என்று
தேடத் தொடங்கினான்.